‘தேறவில்லை’ என்ற சொல்லைப் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக்குகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை, டர்பனில் வாழும் நான் கணினியில் இருமுறை படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத ஓர் ஆட்டத்தை எளிய நடையில் அறிமுகப்படுத்தியதற்காகக் கட்டுரையாளருக்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக் கொள்கிறேன். ஆயினும் அக்கட்டுரையில் சக் ஈலி என்ற ஆட்டக்காரருக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஒரே வாக்கியம் என்னை மிகவும் வருத்தியது. ‘டொலீடோ பல்கலைக்கழகத்துக்காக ஆடிய 35 ஆட்டங்களிலும் வென்ற ஈலி, தொழில்முறை ஆட்டத்துக்குத் தேறவில்லை’ என்பது அந்த வாக்கியம். அதன் முற்பாதி உண்மை. பிற்பாதி உண்மையன்று. அந்தத் தவறு ஏன் பெரியது என்பதை விளக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

டர்பனில் இருக்கும் ஒருவருக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் நகரில் வளர்ந்த கேரி ஆண்டர்சன் என்பவர் 1982 முதல் 20 ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீக்கில் பந்தை உதைப்பவராக ஆடியிருக்கிறார். ஆகவே அந்த ஆட்டத்தின் பெயராவது எங்களுக்குப் பழக்கமானது. ஆனால் என் அக்கறைக்குக் காரணம் அதுவன்று. கனடாவில் குடியேறிய என் மகளின் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, என் மருமகன் வழியாக ஈலியின் வரலாறு எனக்குத் தெரிய வந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதில் பாதி எங்கள் வீட்டுக் கதையாக இருந்தது.

இவ்வாட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வோர் அணிக்கும் 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேறியாக வேண்டும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும்போது, நடுவில் குனிந்து நிற்கும் ஆட்டக்காரர் தம் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் கொடுக்கிறார். அதைப் பெறுபவரே குவார்ட்டர்பேக். எதிரணியினர் அவரை வீழ்த்தப் பாய்ந்து வருவதற்குள், ஏறத்தாழ மூன்று விநாடிகளில், பந்தை யாருக்கு எறிவது, ஓடுபவரின் கையில் கொடுத்துவிடுவதா, தாமே எடுத்துக்கொண்டு ஓடுவதா என்று அவர் முடிவு செய்ய வேண்டும். தம் அணியின் மற்றப் பத்துப் பேரும் எங்கே போகிறார்கள் என்பது மட்டுமின்றி, எதிரணியின் 11 பேரும் எந்த அமைப்பில் நிற்கிறார்கள் என்பதும் அவர் மனத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஊர் ரக்பியில் பத்தாம் எண் சட்டை அணிபவரின் பொறுப்பைப் பன்மடங்காகப் பெருக்கினால் குவார்ட்டர்பேக்கின் பொறுப்பு ஓரளவு விளங்கும். அணியின் மூளை என்று அவ்விடத்தைச் சொல்வார்கள். கறுப்பின இளைஞர்களுக்கு நீண்ட காலம் அந்த இடம் மறுக்கப்பட்டதற்கும் அதுவே காரணம். அவர்களுடைய கால்களின் வேகத்தை ஏற்றுக்கொண்ட பயிற்சியாளர்கள், அவர்களுடைய அறிவையும் தலைமையையும் ஏற்றுக்கொள்ளவில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் குவார்ட்டர்பேக்காக ஆடிய கறுப்பின இளைஞர், தொழில்முறை அணிக்குள் நுழைந்ததும் பந்தைப் பிடிப்பவராகவோ தற்காப்பு ஆட்டக்காரராகவோ மாற்றப்படுவது எழுதப்படாத விதியாக இருந்தது.

கறுப்பினத்தவரான சக் ஈலி 1950ஆம் ஆண்டு ஜனவரியில் பிறந்தவர். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒஹையோ மாநிலத்தின் தென்கோடியில், ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள போர்ட்ஸ்மவுத் என்ற சிறு நகரில், அரசு கட்டித்தந்த ஏழைகளின் குடியிருப்பில், தாயாரின் வளர்ப்பில் வளர்ந்தார். அக்குடியிருப்பை ஒட்டி ரயில் பாதை சென்றது. நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் நிறுவனத்தின் சரக்கு ரயில்கள் அவ்வழியே நிலக்கரி ஏற்றிச் செல்லும். பெட்டிகளின் பக்கவாட்டில் நிறுவனப் பெயரின் முதலெழுத்துகள் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். சிறுவன் ஈலி கையில் கற்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, ஓடும் பெட்டியில் அந்த முதல் எழுத்தைக் குறிபார்த்து எறிவாராம். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஓடும் ரயிலில் உள்ள எழுத்தின் மேல் கல் பட வேண்டுமானால், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் எறிந்து பயனில்லை. கல் போய்ச் சேரும் நேரத்தில் எழுத்து எங்கே இருக்குமோ அங்கே எறிய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் தோழரின் கையில் 30 கஜத்துக்கு அப்பாலிருந்து பந்தைக் கொண்டு சேர்ப்பதற்குத் தேவையான கணக்கும் இதுவேதான். பயிற்சியாளர் இல்லை, திடல் இல்லை, பந்தும் இல்லை. ரயில் நிறுவனமே தனக்குத் தெரியாமல் அச்சிறுவனுக்குப் பயிற்சி அளித்தது.

அந்த நகரின் கத்தோலிக்கப் பள்ளிக்காகக் குவார்ட்டர்பேக்காக ஆடியபோது அவர் தோற்கவே இல்லை. பின்பு அதே மாநிலத்தின் வடகோடியில், கண்ணாடித் தொழிலுக்குப் பெயர்பெற்ற டொலீடோ நகரின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் முதலாம் ஆண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆட விதிகள் இடம் தரவில்லை. எனவே அவருக்குக் கிடைத்தவை மூன்று பருவங்களே. 1969இல் 11 வெற்றிகள், 1970இல் 12, 1971இல் 12. மொத்தம் 35. தோல்வி இல்லை, சமநிலையும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் பருவத்தின் இறுதியில் ஃப்ளோரிடாவில் நடந்த டேஞ்சரின் பௌல் ஆட்டத்திலும் டொலீடோவே வென்றது. 1970ஆம் ஆண்டின் இறுதித் தரவரிசையில் நாட்டிலேயே 12ஆம் இடத்தையும், 1971இல் 14ஆம் இடத்தையும் அந்தச் சிறிய பல்கலைக்கழகம் பெற்றது. கல்லூரிக் கால்பந்தின் மிக உயர்ந்த தனிவிருதான ஹெய்ஸ்மன் விருதுக்கான 1971ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் ஈலி எட்டாம் இடத்தில் வந்தார்.

இந்த 35 என்ற எண்ணின் எடையை உணர ஓர் ஒப்பீடு உதவும். 1953க்கும் 1957க்கும் இடையில் ஓக்லஹோமா பல்கலைக்கழகம் தொடர்ந்து 47 ஆட்டங்களை வென்றது. நவீன காலத்தில் அதை எந்தப் பெரிய கல்லூரியும் எட்டியதில்லை. ஆனால் அந்த 47 ஆட்டங்கள் ஐந்து பருவங்களில் பரவியவை. அணிகள் மாறின, குவார்ட்டர்பேக்குகளும் மாறினார்கள். டொலீடோவின் 35 வெற்றிகளோ ஒரே மனிதரின் காலத்துக்குள் தொடங்கி முடிந்தவை. அவர் படித்து முடித்து வெளியேறிய அடுத்த பருவத்திலேயே அந்தத் தொடர் முறிந்தது.

அந்த வெற்றிகள் எல்லாம் எளிதில் வந்தவை என்றும் நினைக்க வேண்டாம். 1969இல் அண்டை ஊரான பௌலிங் கிரீனின் பல்கலைக்கழகத்துக்கு எதிராக, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே எஞ்சியிருந்தபோது டொலீடோ 24க்கு 26 என்று பின்தங்கியிருந்தது. பந்தும் தம் அணியின் பாதியில், வெகு தொலைவில் இருந்தது. முதல் பருவத்தில் ஆடிக்கொண்டிருந்த 19 வயது ஈலி, அடுத்தடுத்த எறிதல்களால் அணியை முன்னால் கொண்டு சென்று, கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கும் தொலைவுக்குச் சேர்த்தார். கடைசி விநாடிகளில் தோழர் ஒருவர் உதைத்த பந்து கம்பங்களுக்கிடையே சென்று மூன்று புள்ளிகளைத் தந்தது, 27க்கு 26. அந்த ஒரு நிமிடம் வேறு விதமாகப் போயிருந்தால் இன்று நாம் 35 என்று எழுத மாட்டோம். அறிவும் தலைமையும் இல்லாதவர்கள் என்று எந்த இனத்தைப் பற்றிச் சொன்னார்களோ, அந்த இனத்து இளைஞர் ஒருவர் அந்த ஒரு நிமிடத்தில் காட்டியது என்ன என்பதைத் தேர்வாளர்கள் காணாமல் இருந்திருக்க முடியாது.

இனி 1972க்கு வருகிறேன். அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீக்கின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் அந்த ஆண்டு 17 சுற்றுகளாக நடந்தது. 26 அணிகள் மொத்தம் 442 பெயர்களைச் சொல்லித் தேர்ந்தெடுத்தன. யாரும் கேள்விப்படாத சிறு கல்லூரிகளின் இளைஞர்கள் அதில் இருந்தார்கள். ஒரு பருவத்தில் பாதி ஆட்டங்களைத் தோற்ற அணிகளின் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். 442 பெயர்களில் ஈலியின் பெயர் இல்லை.

அதற்கு முன்னதாக, தம்மைத் தேர்ந்தெடுத்தால் குவார்ட்டர்பேக்காகவே ஆடுவேன், வேறு இடத்தில் ஆட மாட்டேன் என்று அவர் தரப்பிலிருந்து அணிகளுக்குக் கடிதம் மூலம் தெரிவிக்கப்பட்டிருந்தது. இந்த இடத்தைத் தங்கள் கட்டுரையாளர் கவனித்திருந்தால் அந்த வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். 22 வயது இளைஞர், தந்தை வழியிலோ ஊர் வழியிலோ எந்தச் செல்வாக்கும் இல்லாதவர், தமக்கு வேலை தரக்கூடிய 26 முதலாளிகளுக்கு இப்படி எழுதுவது எளிதான செயலன்று. ‘கிடைத்த இடத்தில் முதலில் நுழைந்துவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்றுதான் எந்தக் குடும்பத்திலும் பெரியவர்கள் சொல்வார்கள். நானும் என் மாணவர்களுக்கு அப்படிச் சொன்னதுண்டு. ஆனால் வாழ்நாள் முழுவதும் நாதஸ்வரம் வாசித்துத் தேர்ந்த ஒருவரை, ‘மேடைக்கு வா, ஆனால் ஒத்து மட்டும் ஊது’ என்று அழைத்தால், அந்த அழைப்பை மறுப்பதைச் செருக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுதரப்பின் வாதங்களையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். டொலீடோ ஆடிய மிட் அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி அணிகளின் பிரிவு நாட்டின் வலிமை மிக்க பிரிவு அன்று. மிகப் பெரிய கல்லூரிகளோடு மோதாமல் பெற்ற வெற்றிகளை வைத்து ஒருவரை முதல் சுற்றில் எடுக்க முடியாது என்று ஓர் அணி சொல்லியிருந்தால் அதை நானும் ஏற்பேன். ஆனால் கேள்வி முதல் சுற்றைப் பற்றியதன்று. 17 சுற்றுகளில் ஒன்றைப் பற்றியது. பதினைந்தாம் சுற்றில் ஒரு பெயரைச் சொல்வதால் எந்த அணிக்கும் இழப்பில்லை. கதவு முழுவதுமாக அடைபட்டிருந்தது என்றும் நான் சொல்ல மாட்டேன். அதே ஆண்டில் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தின் கறுப்பினக் குவார்ட்டர்பேக்கான ஜோ கில்லியமைப் பிட்ஸ்பர்க் அணி பதினோராம் சுற்றில் எடுத்தது. 1974 பருவத்தின் தொடக்கத்தில் அவரே அந்த அணியின் முதன்மைக் குவார்ட்டர்பேக்காகவும் இருந்தார். அந்தக் கதவில் விழுந்திருந்த சிறு விரிசல் அது. அதன் வழியே ஒருவர் நுழைந்தார் என்பதால் வெளியே நின்ற மற்றவர் தகுதியற்றவர் ஆகிவிட மாட்டார்.

ஈலி தனி ஒருவர் அல்லர் என்பதையும் குறிப்பிட வேண்டும். 1951இல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் பெர்னி கஸ்டிஸைத் தேர்ந்தெடுத்த கிளீவ்லாண்ட் அணி, அவரைத் தற்காப்பில் ஆடச் சொன்னது. அவர் கனடாவின் ஹாமில்டன் நகருக்குப் போய்க் குவார்ட்டர்பேக்காக ஆடினார். 1968இல் மார்லின் பிரிஸ்கோவை டென்வர் அணி தற்காப்பு ஆட்டக்காரராகவே எடுத்தது. முதன்மை ஆட்டக்காரர் காயமடைந்ததால் வாய்ப்புப் பெற்ற பிரிஸ்கோ அந்த ஒரே பருவத்தில் 14 டச்டவுன் எறிதல்களை, அதாவது எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெற்றுத் தந்த எறிதல்களை, செய்தார். மறு ஆண்டே அந்த இடம் அவருக்கு மறுக்கப்பட்டது. பின்பு பந்தைப் பிடிப்பவராக வேறு அணிகளில் ஆட நேர்ந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வாரன் மூன், 1978ஆம் ஆண்டு ரோஸ் பௌல் என்ற புகழ்பெற்ற கல்லூரி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரராக அறிவிக்கப்பட்டவர். அவ்வாண்டு டிராஃப்டில் அவரையும் எவரும் எடுக்கவில்லை. அவர் எட்மன்டன் நகரத்து அணிக்காகக் கனடாவின் தொழில்முறைக் கால்பந்துக் கோப்பையான கிரே கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை வென்ற பிறகே, 1984இல் ஹூஸ்டன் அணி அவரை அழைத்தது. 2006இல் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் மூன் சேர்க்கப்பட்டார். 1978இல் ‘தேறாத’ அதே மனிதர்தான் அவர். இடைப்பட்ட காலத்தில் மாறியது அவருடைய கையா, தேர்வாளர்களின் கண்ணா என்று நான் கேட்க விரும்புகிறேன்.

ஈலியும் கனடாவுக்கே சென்றார். கஸ்டிஸ் போன அதே ஹாமில்டன் நகருக்கு, 21 ஆண்டுகளுக்குப் பிறகு. கனடிய ஆட்டம் வேறு கணக்கு உடையது. திடல் 110 கஜம் நீளம், ஓர் அணிக்கு 12 பேர், பத்து கஜம் போக மூன்று முயற்சிகளே உண்டு. ஒரு முயற்சி குறைவு என்பதால் அங்கே குவார்ட்டர்பேக்கின் கை இன்னும் துல்லியமாக இருக்க வேண்டும். புது நாடு, புது விதிகள், முதல் ஆண்டு. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகமாக அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1972 டிசம்பரில் ஹாமில்டன் நகரிலேயே நடந்த கிரே கோப்பை இறுதியாட்டத்தில் சஸ்காச்சுவான் அணியும் ஹாமில்டனும் 10க்கு 10 என்று நின்றபோது, கடைசி நிமிடங்களில் ஈலி தம் எறிதல்களால் அணியை முன்னே கொண்டு வந்தார். ஆட்டத்தின் கடைசிச் செயலாக 19 வயது இயன் சன்டர் உதைத்த பந்து 13க்கு 10 என்று கோப்பையைப் பெற்றுத் தந்தது. இறுதியாட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் ஈலிக்கே. பௌலிங் கிரீனில் செய்ததையே, நாட்டின் எல்லையைத் தாண்டி, மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் செய்தார். பின்னர் வின்னிபெக், டொரன்டோ அணிகளுக்காகவும் ஆடி, 1970களின் இறுதியில் ஓய்வு பெற்று, கனடாவிலேயே குடியமர்ந்தார். தொழில்முறை ஆட்டத்தில் ஏழு பருவங்கள், ஒரு கோப்பை, ஒரு சிறந்த ஆட்டக்காரர் விருது. ‘தொழில்முறை ஆட்டத்துக்குத் தேறவில்லை’ என்று எழுதுவது வெறும் செய்திப் பிழை என்ற அளவிலும் தவறுதான்.

ஆனால் என் வருத்தம் செய்திப் பிழையோடு முடிவதில்லை. ஏன் என்று சொல்ல என் அண்ணனைப் பற்றிச் சில வரிகள் எழுத வேண்டியிருக்கிறது.

என் தந்தையார் டர்பன் நகராட்சித் தொழிலாளி. நகராட்சி தன் இந்தியத் தொழிலாளர்களுக்காகக் கட்டியிருந்த மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில்தான் நாங்கள் பிறந்தோம். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழரும் தெலுங்கரும். 1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் எங்களை எல்லாம் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றினார்கள். இரு வீடுகளுக்கு இடையிலான குறுகிய சந்தில், ஒரு முனையில் காலிப் பெயின்ட் டப்பாவை நிறுத்தி வைத்து, மறுமுனையிலிருந்து என் அண்ணன் மணிக்கணக்கில் பந்து வீசுவார். லெக் ஸ்பின். டப்பாவில் நேராகப் படும் பந்தை அவர் கணக்கில் சேர்க்க மாட்டார். டப்பாவுக்கு வெளியே ஒரு முழம் தள்ளிக் குத்தி, திரும்பி வந்து தட்ட வேண்டும். தட்டும் ஓசை கேட்கும்போதெல்லாம் ஆயா சமையற்கட்டிலிருந்து, ‘இன்னும் எத்தனை?’ என்று கேட்பார். ஐம்பது ஆகாமல் அண்ணன் சாப்பிட வரமாட்டார். ரயில் பெட்டியின் எழுத்தை நோக்கிக் கல் எறிந்த சிறுவனைப் பற்றி மருமகன் சொன்னபோது என் காதில் கேட்டது அந்த டப்பாவின் ஓசைதான்.

வார இறுதிகளில் கரீஸ் ஃபவுண்டன் திடலில், கயிற்றுப் பாய் விரித்த ஆடுகளத்தில் அவர் ஆடினார். எடுத்த விக்கெட்டுகளை எல்லாம் ஒரு நீல நிற நோட்டில் தம் கையால் எழுதி வைத்தார். அக்காலத்தில் இந்தியர் இந்தியரோடுதான் ஆடலாம். நாட்டின் அணி வெள்ளையருக்கு மட்டுமே. 1970 பிப்ரவரியில் கிங்ஸ்மீட் திடலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக கிரேம் பொல்லாக் 274 ஓட்டங்கள் எடுத்ததை, எங்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த பகுதியில் அமர்ந்து அண்ணனும் நானும் பார்த்தோம். அண்ணன் வேலை பார்த்த தொழிற்சாலையில் வெள்ளை அதிகாரிகளின் கிரிக்கெட் அணி ஒன்று இருந்தது. வியாழக்கிழமைகளில் வலைப் பயிற்சிக்கு அண்ணனை அழைத்துப் பந்து வீசச் சொல்வார்கள். அவர் பந்தை ஆட முடியாமல் திணறுவார்கள். முதுகில் தட்டியும் கொடுப்பார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதக்கூட அவரை அழைத்ததில்லை. வெள்ளையர் அல்லாத ஆட்டக்காரரான பாசில் டி ஒலிவேரா 1960இல் கேப் டவுனை விட்டு இங்கிலாந்துக்குப் போய், 1966இல் அந்த நாட்டுக்காக டெஸ்ட் ஆடினார். அவரைப் போலத் தாமும் கப்பல் ஏற வேண்டும் என்று அண்ணன் ஒருமுறை சொன்னார். தங்கைகளின் திருமணங்கள் இருந்தன. கப்பலுக்குப் பணமும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு அண்ணன் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் அமர்ந்திருந்தபோது, அவர் மீது அன்பு கொண்ட ஒரு பெரியவரே, ‘நல்லா ஆடினார், ஆனா பெரிய லெவலுக்குத் தேறலை’ என்று சொன்னார். அன்பினால் சொன்னதுதான். ஆனால் அண்ணனின் பேரன் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். டர்பனில் பிறந்த செனுரன் முத்துசாமி 2019இல் தென்னாப்பிரிக்காவுக்காக டெஸ்ட் ஆடியதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளை அவன். தாத்தாவால் முடியாததை இவரால் முடிந்தது என்றுதானே அந்தப் பிள்ளை புரிந்துகொள்வான்? தாத்தாவின் காலத்தில் அந்தத் தேர்வே நடக்கவில்லை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

நான் 30 ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியராக இருந்தவன். மாலை நேரங்களில் கோயில் வகுப்புகளில் தமிழும் கற்பித்தவன். எனவே இதை இலக்கணமாகவே சொல்ல விரும்புகிறேன். ‘தேறினான்’, ‘தேறவில்லை’ என்ற வினைக்கு எழுவாய் தேர்வு எழுதியவர். வினையின் பொறுப்பு முழுவதும் அவர் தலையில் விழுகிறது. ‘தேர்ந்தெடுக்கப்படவில்லை’ என்பது செயப்பாட்டுவினை. தேர்ந்தெடுத்தவர் யார் என்பது அதில் மறைந்துகொள்கிறது, எனினும் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதாவது தெரிகிறது. ‘தேர்ந்தெடுக்க மறுத்தார்கள்’ என்று எழுதும்போதுதான் மறுத்தவர்கள் எழுவாயாக முன்னால் வந்து நிற்கிறார்கள். ஈலியின் வரலாற்றுக்குப் பொருந்துவது இந்த மூன்றாவது வாக்கியம். 26 அணிகள், 442 வாய்ப்புகள். ஒவ்வொரு முறையும் ஒருவர் வேறொரு பெயரைச் சொன்னார். மூன்று வாக்கியங்களையும் நம் மொழி நமக்குத் தந்திருக்கும்போது, உண்மைக்கு மிகத் தொலைவில் இருப்பதை எடுத்துப் பயன்படுத்துவது ஏன்?

இப்போது நிலைமை மாறிவிட்டது என்று சொல்லலாம். உண்மைதான். 1988 ஜனவரியில் கிராம்ப்ளிங் மாநிலப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவரும் கறுப்பினக் குவார்ட்டர்பேக்குமான டக் வில்லியம்ஸ், வாஷிங்டன் அணியை 42க்கு 10 என்ற கணக்கில், தேசியக் கால்பந்து லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பௌல் வெற்றிக்கு இட்டுச் சென்று, அவ்வாட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 2023 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில் இரு அணிகளுக்கும் முதன்மைக் குவார்ட்டர்பேக்காகக் கறுப்பினத்தவரே நின்றார்கள். எனினும் இந்த மாற்றத்தைப் பாராட்டி எழுதுகிற கட்டுரைகளிலேயே, முன்னோர்களைப் பற்றிய வரிகள் பழைய தேர்வாளர்களின் தீர்ப்பைச் சிறிதும் மாற்றாமல் எடுத்துச் சொல்கின்றன. கனடிய ஆட்டத்தின் புகழ் மண்டபம்கூட ஈலியை 2022இல்தான் சேர்த்துக்கொண்டது. ஆடுவதை நிறுத்தி 40 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு.

தங்களிடம் நான் வேண்டுவது பெரிதொன்றும் இல்லை. அந்தக் கட்டுரை தங்கள் இணையப் பதிப்பில் இன்னும் இருக்கிறது. அதில் அந்த ஒரு வாக்கியத்தை மாற்றி, ‘டொலீடோ பல்கலைக்கழகத்துக்காக ஆடிய 35 ஆட்டங்களிலும் வென்ற ஈலியை, குவார்ட்டர்பேக்காகத் தேர்ந்தெடுக்க 26 அமெரிக்க அணிகளும் முன்வரவில்லை, அவர் கனடாவுக்குச் சென்று, முதல் ஆண்டிலேயே ஹாமில்டன் அணிக்குக் கிரே கோப்பையை வென்று தந்தார்’ என்று வெளியிட வேண்டுகிறேன். இடம் போதாது என்றால் கடைசிப் பகுதியை விட்டுவிடலாம். ‘முன்வரவில்லை’ என்ற வினையை மட்டும் விட்டுவிட வேண்டாம். திருத்தம் வெளிவந்ததும் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, அண்ணனின் நீல நோட்டுக்குள் வைத்து, அவர் பேரனிடம் கொடுக்க எண்ணியிருக்கிறேன். அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். பொருளை நான் சொல்லிக் கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்,
தென்னாப்பிரிக்கா.